பேரிடர் விழாவுக்கு நிதி கேட்ட கதை

1

போன மாதக் கடைசியில் எங்கள் தாமானில் நடந்த விழாவின் படங்களை முகநூலில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு பெரம்பலூரிலிருந்து என் பள்ளித் தோழி ஒருத்தி கேட்டாள்: "ஏன்டி, இதுக்கெல்லாம் கவர்மெண்டா காசு குடுக்குது?"

ஆமாம், கொடுக்கிறது. ஆனால் அந்தக் காசு வந்த கதையை ஒரு வரியில் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் அசாம் ஜாவா என்ற ஊரில். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். தாமான் என்றால் வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. எங்கள் தாமானில் மலாய்க்காரர்கள் பாதிக்கு மேல். எஸ்டேட்டுகள் கைமாறியபோது லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வந்து வீடு வாங்கிய தமிழர்கள் கொஞ்சம் பேர். முன்பக்கக் கடை வரிசையில் சீனர்கள். என் கணவர் குமரன் லயத்தில் பிறந்தவர். இப்போது எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். அவரைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

வந்த முதல் வாரமே என் பெயர் பாதி போய்விட்டது. வளர்மதி என்ற என்னை வீட்டில் எல்லோரும் மதி என்றுதான் கூப்பிடுவார்கள். அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் இவர்கள் 'மாத்தி' என்று படிப்பார்கள். மலாயில் அதற்குச் சாவு என்று அர்த்தம். மாமியார் பதறிப்போய் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இங்கே நான் வளர். அண்ணன் மட்டும் போனில் இன்னும் மதி என்கிறான்.

வேலை, கடை வரிசையில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில். முதலாளி ஆ லான் ஆண்டி, அறுபது வயதுச் சீனப் பெண்மணி. நகல் எடுப்பது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, அரசாங்கப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது. இந்த ஊரின் கஷ்டமெல்லாம் எனக்குப் பாரங்களாகத்தான் தெரியும். யாருக்கு வேலை போயிற்று, யார் பிள்ளைக்கு இன்னும் பிறப்புப் பத்திரம் வரவில்லை என்று எல்லாம் என் மேசைக்கு வரும். பார்த்துப் பார்த்தே மலாய் எழுதக் கற்றுக்கொண்டேன். பேசும்போது இன்றும் தடுக்கும். எழுதும்போது தடுக்காது என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது, போன நவம்பர் வரை.

2

நவம்பரில் இங்கே கொட்டித் தீர்க்கும். நான் மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஊர்க்காரி. மழை வந்தால் சந்தோஷப்படத்தான் எனக்குத் தெரியும். எங்கள் தாமானின் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது. தோட்டத்துப் பக்கமாக ஓடும் கால்வாய் நிரம்பி, முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். போன நவம்பரிலும் வந்தது.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, வெள்ள நிவாரணம் கேட்டு ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். ஒன்பது வீடு. "இதுக்கு யாருகிட்டயும் காசு வாங்காதே" என்று ஆ லான் ஆண்டி சொல்லிவிட்டார். ஒன்பது மனுக்களிலும் முதல் வரியிலேயே 'முசிபா' என்ற சொல் வரும். பேரிடர் என்று பொருள். மதியம் வரை அதையே தட்டிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் சிக்கு ஹம்டான் வந்தார். சிக்கு என்றால் வாத்தியார். ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்பாளர் குழுவின் தலைவர். தை மாதத்தில் எல்லா இனத்தாரும் சேர்ந்து நடத்தும் விழாவுக்கு அரசாங்க நிதி கேட்டு, கையால் எழுதிய மூன்று பக்க விண்ணப்பம் வைத்திருந்தார். விழாவின் பெயர் முஹிபா விழா. முஹிபா என்றால் நல்லிணக்கம்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மலாயில் அந்த இரண்டு சொற்களுக்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். காலையிலிருந்து பழகிய விரல், பழகிய பாதையிலேயே போயிற்று. மூன்று பக்கத்திலும் ஓர் இடம்கூடத் தப்பவில்லை. சிக்கு அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும் வளர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் தாமான் மக்கள் அனைவரும் ஆண்டுதோறும் ஒற்றுமையாகக் கொண்டாடும் பேரிடர் விழாவுக்கு நிதி வழங்கும்படி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து, நிதி வழங்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து சிக்குவுக்குப் போன் வந்தது. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, புவான் நோர்லியா, அதாவது திருமதி நோர்லியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாராம்: "எந்தப் பேரிடரைக் கொண்டாடப் போகிறீர்கள் என்று குறிப்பிடவில்லையே?"

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் அந்தக் காகிதத்தை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். மறுநாளுக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. பெரும்பாலானவர்கள் வெறுமனே சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. வெள்ளக்காட்டில் மக்கள் கிடக்கும்போது ஆட்டம்பாட்டத்துக்கு அரசாங்கப் பணமா என்று ஒருவர். பூனைப் படம் வைத்திருந்த ஒரு பெயர் தெரியாத ஆள் எழுதியிருந்தார்: எழுதத் தெரியாத வந்தேறிகளுக்கா நம் வரிப்பணம்?

என் அடையாள அட்டை சிவப்பு. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. நான் வரி கட்டுகிறேன், ஆனால் வந்தேறிதான்.

குமரன் அன்று சாயங்காலம் லோரியை விட்டுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்தார். "தப்பு உன்னுது. சிரிப்பு அவங்களுது. சிரிச்சுட்டுப் போறாங்க லா. ரசம் இருக்கா?" என்றார்.

எனக்குப் பயம், மகளை நினைத்துத்தான். ஷர்மினிக்குப் பதினாறு வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய தமிழ் பாதி ஆங்கிலம், மீதியில் பாதி மலாய். நான் பேசும் மலாயைக் கேட்டால் கூசிப்போவாள். "ம்மா, ப்ளீஸ், டீச்சர்கிட்ட நீங்க பேசாதீங்க, நானே ஹேண்டல் பண்றேன்" என்பாள். அந்தப் படம் அவள் பள்ளிக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கடையில் ஆ லான் ஆண்டி தன் போனை என் முன்னால் நீட்டினார். "உன் மகளா இது?"

கேலிச் செய்திகளுக்கு நடுவே ஷர்மினி தன் சொந்தப் பெயரில், பிசிறில்லாத மலாயில் எழுதியிருந்தாள்: "இதைத் தட்டச்சு செய்தவர் என் அம்மா. அன்று காலை உங்கள் வீடுகளின் வெள்ள மனுக்களைத் தட்டச்சு செய்ததும் அவர்தான். அந்த மனுக்களில் பிழை இருந்ததா என்று யாராவது சொல்லுங்கள்."

பூனைப் படம் போட்டவர் தன் செய்தியை அழித்துவிட்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் அதை எனக்குத் தெரியாமல் செய்திருந்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தேன். தட்டைப் பார்த்துவிட்டு, "என்னா ஸ்பெஷல்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

3

திருத்திய விண்ணப்பம் போயிற்று. ஆனாலும் இவ்வளவு பேச்சு எழுந்த பிறகு, புவான் நோர்லியா நேரில் வந்து குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்க விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை, பாலாய் ராயாவில் கூட்டம். பாலாய் ராயா, தாமானின் பொது மண்டபம்.

அன்று பேசியவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு காக் ரொஹானி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் (காக் என்றால் அக்கா), தயங்கித் தயங்கிப் பேசினார். தொழுகை நேரத்தில் மேளச் சத்தம் வேண்டாம். சமையலில் எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால், போன தடவை அவருடைய அம்மா பசியோடு எழுந்து போய்விட்டாராம். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கம்பிக் கடைக்காரர் ஒருவர், அரசாங்கம் கொடுப்பது போதாதென்று கடைசியில் சீனர் கடைகளிடம்தான் நன்கொடைக்கு வருகிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான்.

பிறகு முனியாண்டி அண்ணன் எழுந்தார். பின்வரிசையில் தனியாக இருக்கிறார். அவர் அப்பா எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்தவர். வெள்ளத்தில் அண்ணனுடைய கட்டில், குளிர்பெட்டி எல்லாம் போய்விட்டன. இறந்துபோன மனைவியின் சேலைகள் இருந்த பீரோவின் கீழ்த்தட்டும் நனைந்துவிட்டது. அந்த மனுவை எழுதியவள் நான். சேலைகளுக்குப் பாரத்தில் இடமில்லை.

அவர் மலாயிலேயே கேட்டார்: இந்தப் பணத்தை வைத்துக் கால்வாயை ஆழப்படுத்தக் கூடாதா?

"இது ஒற்றுமை நிகழ்ச்சிகளுக்கான ஒதுக்கீடு. கால்வாய் வேறு பிரிவு" என்றார் புவான் நோர்லியா. அவர் குரலில் சங்கடம் தெரிந்தது.

முனியாண்டி அண்ணன் தமிழுக்கு மாறினார். "தண்ணி எந்தப் பிரிவுன்னு கேட்டுட்டா வீட்டுக்குள்ள வருது? ஆடறதுக்குக் காசு இருக்கு, காவா வெட்டக் காசு இல்ல. நீங்க ஆடுங்க லா. நான் வரல." சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

சிக்கு ஹம்டான் என்னைப் பார்த்தார். பிழைக்காக நான் இரண்டு வார்த்தை வருத்தம் தெரிவிப்பதாக ஏற்பாடு. எழுந்தேன். பின்னால் எங்கோ ஷர்மினி உட்கார்ந்திருக்கிறாள், நான் வாய் திறந்தால் கூசிப்போவாள் என்ற நினைப்புதான்.

"தப்பு என்னுடையது" என்று மலாயில் தொடங்கினேன். அதற்குமேல் தயார்செய்து வைத்திருந்தது மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அன்றைக்குக் காலையில் ஒன்பது பேர் என்னிடம் வந்தீர்கள். தனித்தனியாக. ஒன்பது பேருடைய தண்ணீரும் ஒரே கால்வாய்த் தண்ணீர். ஒருவருக்குக்கூட அடுத்தவர் வந்துவிட்டுப் போனது தெரியாது. காக் ரொஹானியின் அக்கா வீடும் முனியாண்டி அண்ணன் வீடும் ஒரே சுவர். இருவரும் என்னிடம்தான் கேட்டீர்கள், பக்கத்து வீட்டில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று. ஒன்பது மனுவும் ஒன்பது கோப்பாகப் போயிருக்கும். எனக்குத் தெரியும், நான்தான் தைத்தேன். ஒரே மனுவாக எழுத உங்களை ஓர் இடத்தில் உட்கார வைக்கவேண்டும். நாம் எல்லோரும் ஓர் இடத்தில் உட்காருவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்."

இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்ததோ தெரியாது. நான் உட்கார்ந்ததும் சிக்கு, "விழாவில் ஒரு மேசை போடலாம், கால்வாய் மனுவுக்குக் கையெழுத்து வாங்க" என்றார். காக் ரொஹானி, "சமையல் மேசைகளில் ஹலால் தனியே இருந்தால் அம்மாவைக் கூட்டி வருகிறேன்" என்றார். புவான் நோர்லியா குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். எழுதிவிட்டு, "விழாவில் எந்த மேசை எதற்கு என்று விண்ணப்பத்தில் நாங்கள் கேட்பதில்லை" என்றார்.

முனியாண்டி அண்ணன் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அந்த மேசைக்கு யாரு உக்காருவா?" என்று கேட்டார்.

"நீங்கதாண்ணே" என்றேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது ஷர்மினி என்னோடு சேர்ந்து நடந்தாள். "ம்மா, 'தைத்தேன்'னு சொன்னீங்கள்ல? துணி தைக்கிறதுக்குச் சொல்ற வேர்ட் அது. பேப்பருக்கு வேற." கொஞ்சம் தள்ளிப்போய், "பட் எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றாள்.

4

கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கூடாரமும் நாற்காலிகளும் அலுவலகமே அனுப்பிவைத்தது. விழா சனிக்கிழமை மாலைத் தொழுகை முடிந்து ஐந்து மணிக்கு மேல் தொடங்கி, அடுத்த தொழுகைக்கு முன் முடிந்தது. சிங்க நடனம், தப்பாட்டம், மலாய்ப் பெண்களின் ஆட்டம். காக் ரொஹானியின் அம்மா இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கம்பிக் கடைக்காரர் கேட்காமலேயே தண்ணீர்ப் பெட்டிகள் இறக்கினார். ஷர்மினி ஒலிவாங்கியைப் பிடித்து மூன்று மொழியிலும் அறிவிப்புச் செய்தாள். தமிழில் திணறியபோதெல்லாம் முன்வரிசையிலிருந்து யாராவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டாள்.

முனியாண்டி அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தன் மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டம் எதையும் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மாலைக்குள் தமிழிலும் சீனத்திலும், மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்திலுமாகப் பக்கங்கள் நிறைந்தன. பெயர்களுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதையும் எழுதினார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு.

இரண்டு வாரம் கழித்து ஓர் இயந்திரம் வந்து கால்வாயைத் தூர்வாரியது. ஆழப்படுத்தவில்லை, தூர்வாரியது மட்டும்தான். ஆழப்படுத்துவது 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் வந்திருக்கிறது. முனியாண்டி அண்ணன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

5

விழாவன்று மேடைத் துணியில் ஒரு வரி எழுதியிருந்தது. 'பொதுமக்கள் நிதியில் நடைபெறும் நிகழ்ச்சி.' வழக்கமாக எழுதுகிற வரிதான். நாற்காலிகளை அடுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தோழியின் கேள்விக்குப் பதிலாக நான் உண்மையில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அதை வசூலித்தவர் என் அப்பா. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து காளியப்பன் என்று ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். பக்கத்து டவுனில் அவருக்கு அரசாங்க வேலை கிடைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, "எங்க வீட்டு வரிங்க" என்று நீட்டினார். அப்பா கை நீட்டவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்க தெருவுல வாங்குற வழக்கம் இல்லப்பா" என்றார். நான் அவர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். காளியப்பன் பணத்தை உடனே பைக்குள் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா ஏழைமீது இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்றுதான் அன்று நினைத்தேன். வரி கொடுத்தால் தேர் அந்தத் தெருவுக்கும் வர வேண்டியிருக்கும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அப்பா நல்லவர். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

இங்கே என் வரியை வாங்கிக்கொள்கிறார்கள். வந்தேறி என்று ஒருவர் எழுதினார், உண்மைதான். ஆனால் விழாவுக்கு என் பங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் பங்கும் இருந்ததால்தான் எழுந்து நின்று பேச முடிந்தது.

விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வழக்கம்போலப் போன் செய்தான். இப்போது ஊரில் வரி வசூலிப்பது அவன்தான். கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஓடைத் தெருவுல இப்ப வரி வாங்குறீங்களா?"

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "அது... வழக்கம் இல்லியே மதி. அவங்களும் குடுக்கறேன்னு வர்றதில்ல" என்றான். குரல் அப்படியே அப்பா குரல்.

"ஒருதடவ வந்தாங்க. நான் பாத்தேன்."

"உனக்கு அங்க உக்காந்துகிட்டு இதெல்லாம் எதுக்கு? ஷர்மினி எப்படியிருக்கா?" என்றான். நன்றாக இருக்கிறாள் என்றேன். வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் அவன் தவறவிட்ட வாரங்கள் மிகக் குறைவு. நான் செய்தது தப்போ என்று வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. கடல் கடந்து வந்து பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, அங்கே தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவனிடம் நியாயம் பேசுவது எளிது.

நேற்று மத்தியானம், கடையில் ஒரு பாட்டிக்கு ஓய்வூதியப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது.

"கமிட்டியில பேச்சை எடுத்தேன். ரெண்டு பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. மத்தவங்க உக்காந்துதான் இருந்தாங்க. காளியப்பனோட மகன் இப்ப பள்ளிக்கூட வாத்தியாரு. நாளைக்கு அவரு வீட்டுக்கு நானே போய்க் கேக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

பாட்டியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தேன்.